பூதத்தையே ஏமாற்றிய பொடியன்!

சிறைக்குள் இரண்டு பேர். விடிந்தால் மரண தண்டனை!

ஒருவர், பாக்தாத் நகரத்து ராஜா அகமது. மந்திரி ஜாஃபர் சூழ்ச்சி செய்து, தன் ராஜாவையே சிறையில் தள்ளிவிட்டான். இன்னொருவன் அபு. வயிற்றுப்பாட்டுக்குக் கடைத்தெருவில் கைவரிசை காட்டும் வாண்டுத் திருடன்.

ராஜா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அபு என்ன செய்தான் தெரியுமா, குட்டீஸ்? நைசாக ஒரு சாவியை எடுத்துக் காட்டினான். சிறைச்சாலை சாவி! பயல் அதையும் சுட்டுவிட்டான்! இருவரும் தப்பித்து, படகேறி பாஸ்ரா நகரத்துக்கு ஓடினார்கள்.

இது, 1940-ல் வெளிவந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' என்ற ஆங்கிலப் படத்தின் கதை. 'பாக்தாத் திருடன்' என்று அர்த்தம். அரபுக் கதைகளில் வரும் பூதம், பறக்கும் கம்பளம் எல்லாம் இதில் உண்டு.

குப்பிக்குள் பூதம்

பாஸ்ராவில் ஓர் இளவரசி. அகமதுவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஜாஃபருக்கும் அவள் மேல் ஒரு கண்! உடனே மந்திரம் போட்டான். அகமதுவுக்குக் கண் தெரியாமல் போனது. அபு... நாயாக மாறிவிட்டான்! ஒருவழியாக மந்திரம் விலகியதும், கடலில் புயல் வந்து நண்பர்களைப் பிரித்துவிட்டது.

கரை ஒதுங்கிய அபுவுக்கு ஒரு குப்பி கிடைத்தது. மூடியைத் திறந்தால், வானளவு உயர்ந்த பூதம்! ''உன்னை நசுக்கப் போகிறேன்!'' என்று காலைத் தூக்கியது.

''இத்தனை பெரிய நீயா இந்தச் சின்னக் குப்பிக்குள் இருந்தாய்? புளுகாதே!'' என்றான் அபு. பூதத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. நிரூபித்துக் காட்டக் குப்பிக்குள் நுழைந்தது. டப்பென்று மூடிவிட்டான் அபு!

'மூன்று வரம் தருகிறேன், விட்டுவிடு' என்று பூதம் கெஞ்சியது. முதல் வரமாக அபு கேட்டது பொன்னா, பொருளா? இல்லை. அம்மா கைப்பக்குவத்தில் பொரித்த சாசேஜ்! பாவம், அவ்வளவு பசி!

பிறகு, மலை உச்சிக் கோயிலில் ராட்சதச் சிலந்தியோடு சண்டை போட்டு, உலகத்தையே காட்டும் ரத்தினக் கண்ணைத் திருடினான். அதன் உதவியால் அகமதுவைத் தேடிப் பிடித்தான். ஆனால் இருவருக்கும் சண்டை வந்தது. கோபத்தில், 'நீ பாக்தாத்திலேயே இருந்து தொலை' என்று அபு சொல்ல, அதையே மூன்றாவது வரமாக எடுத்துக்கொண்டது பூதம். அகமது நேராக ஜாஃபரிடமே போய் மாட்டிக்கொண்டார். பூதமும் பறந்துவிட்டது. வாய் தவறிய ஒரு வார்த்தையால் எவ்வளவு வினை, பார்த்தீர்களா?

கடைசித் திருட்டு

நண்பனைக் காப்பாற்ற ஒரே வழி, அன்பான ஒரு கிழ ராஜாவின் பறக்கும் கம்பளம். அதையும் திருடினான் அபு. ஆனால், இந்த முறை கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திருடினான். வயிற்றுக்காகத் திருடியபோது அவன் இப்படிக் கலங்கவில்லை. நண்பனுக்காகவே திருடினாலும் அது தவறுதான் என்று இப்போது அவனுக்குப் புரிந்திருந்தது.

அகமதுவின் தலை உருளப்போகும் நேரத்தில் வானத்தில் வந்து இறங்கினான். இயந்திரக் குதிரையில் ஏறிப் பறந்த ஜாஃபரை அம்பெய்து வீழ்த்தினான்.

யானைக்காரர் மகன்

அபுவாக நடித்தவர் சாபு. 1924-ல் மைசூர் சமஸ்தானத்தில் பிறந்தவர். அப்பா, மகாராஜாவின் யானைப்பாகன். சாபு சிறுவனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். 'யானைச் சிறுவன்' பற்றிப் படமெடுக்க வந்த வெள்ளைக்காரர்களின் கண்ணில் பட்ட சாபு, 1937-ல் அந்தப் படத்தின் நாயகன் ஆனார். பிறகு இங்கிலாந்து போய்ப் படித்தார்.

'பாக்தாத்' படப்பிடிப்பு லண்டன் அருகே நடந்துகொண்டிருந்தபோது, 1939-ல் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. மீதிப் படத்தை அமெரிக்காவில் எடுத்தார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். நடிகரை நீலத் திரைக்கு முன் நிற்க வைத்துப் படம்பிடித்து, நீலம் இருந்த இடத்தில் வேறு காட்சியை ஒட்டினார்கள். இன்றைய பச்சைத் திரைக்கு இதுதான் அண்ணன்! படத்துக்கு மூன்று ஆஸ்கர் கிடைத்தது.

சாபு பிறகு அமெரிக்கப் படையில் சேர்ந்து, குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராகப் பறந்து பதக்கமும் வாங்கினார். 1963-ல், 39 வயதில் காலமானார்.

1992-ல் வந்த 'அலாவுதீன்' கார்ட்டூன் படத்தில் வில்லன் பெயர் ஜாஃபர், குரங்கின் பெயர் அபு. எங்கிருந்து வந்தவை என்று இப்போது புரிகிறதா?

சரி, அபு என்ன ஆனான்? 'இவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பிறகு மந்திரி ஆக்குவேன்' என்று அறிவித்தார் அகமது. பள்ளிக்கூடம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பயல் கம்பளத்தில் ஏறி எஸ்கேப்!

நீங்கள் ராஜாவாக இருந்தால், திருடிய அபுவுக்குத் தண்டனை தருவீர்களா, பரிசு தருவீர்களா? யோசித்துச் சொல்லுங்கள், குட்டீஸ்!