மேசைப்பந்து மட்டைக்கு எந்த றப்பர்?

மேசைப்பந்தாட்டத்தில் பந்தைத் தொடுவது பலகையன்று. பலகையின்மேல் ஒட்டப்பட்டிருக்கும் றப்பரே. கழகங்களில் இவ்வாட்டத்தைப் பயிலும் எமது சிறார்களின் பெற்றோர் பலர், விலை கூடிய றப்பரே சிறந்தது என்று எண்ணுகின்றனர். கடும் உழைப்பில் மிச்சம் பிடித்த பணத்தை அதற்குச் செலவிடுமுன் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று.

1952இல் பம்பாயில் நடைபெற்ற உலகப் போட்டியில் யப்பானிய வீரர் ஹிரோஜி சாட்டோ தடித்த பஞ்சு ஒட்டிய மட்டையுடன் ஆடி வாகை சூடினார். பஞ்சு ஆட்டத்தையே மாற்றியது. 1959இல் விதிகள் வகுக்கப்பட்டன. மேற்படையும் பஞ்சும் ஒட்டும் பசையும் சேர்ந்து 4 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என்பதே இன்றும் விதி.

பந்து பஞ்சினுள் அமிழ்ந்து மீள்வதனால் வேகம் பிறக்கின்றது. மேற்படை பந்தைப் பற்றுவதனால் சுழற்சி பிறக்கின்றது. ஆனால் பற்றும் றப்பர் எதிராளி தரும் சுழற்சிக்கும் இடங்கொடுக்கும். வீச்சுச் சீர்பெறாத சிறுவனின் கையில் வேகமான றப்பர் அவனது சிறு பிழையையும் பெரிதாக்கும். பந்து மேசைக்கு வெளியே பறக்கும். திறமை இல்லையென்று பிள்ளையும் பெற்றோரும் முடிவுகட்டிவிடுவர். குற்றம் பிள்ளையினதன்று, றப்பரினது.

ஆகவே தொடக்கநிலையினருக்கு 1.5 முதல் 1.8 மில்லிமீற்றர் வரை பஞ்சுள்ள, மென்மையான, சமமான மேற்பரப்புடைய றப்பரே ஏற்றது. அடிப்படை அடிகள் கைவந்து, தொடர்ந்து மேல்சுழற்சி கொடுக்கப் பழகியவர்கள் 2.0 மில்லிமீற்றருக்கு மாறலாம். யசாக்கா நிறுவனம் 1969இல் வெளியிட்ட மார்க் வி இந்நிலையினருக்கு நெடுங்காலமாகத் துணைநிற்கின்றது. 2008இல் வந்த பட்டர்பிளையின் ரெனர்ஜி 05 போன்றவை மிக விலையுயர்ந்தவை. வாரத்தில் பல நாட்கள் முறையாகப் பயில்வோருக்கே அவை பயன்தரும். பசைத்தன்மை மிக்க சீன றப்பர்களுட் சில மலிவானவை. எனினும் அவற்றின் கடினமான பஞ்சு முழுமையான, விரைவான வீச்சை வேண்டி நிற்பது. நீண்ட குமிழ்கள் கொண்ட றப்பரைப் பயிற்றுநர் கூறினாலன்றித் தொடக்கத்தில் தவிர்ப்பதே நலம்.

செலவைக் குறைக்க வழிகள் உண்டு. இரு பக்கமும் ஒரே றப்பராக இருக்கவேண்டியதில்லை. பின்கைப் பக்கத்திற்கு மலிவானதை ஒட்டலாம். தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றலாம். கழகத்தின் மூத்த வீரர்கள் கழற்றிவைத்த, இன்னும் பிடிப்புள்ள றப்பரைக் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.

வாங்கும்போது இன்னுமொன்று கவனிக்கவேண்டும். அனைத்துலகச் சம்மேளனத்தின் அங்கீகார இலச்சினை றப்பரில் உண்டா எனப் பாருங்கள். அஃதில்லாத மலிவான ஆயத்த மட்டைகள் போட்டிகளில் ஏற்கப்படாமற் போகலாம். ஒரு பக்கம் கறுப்பாக இருத்தல் கட்டாயம். மறுபக்கத்திற்குச் சிவப்புடன் வேறு சில நிறங்களும் 2021 முதல் அனுமதிக்கப்பட்டுள்ளன.

ஆடி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து உறையிலிடுங்கள். வெயிலிலும் வெப்பமூட்டியின் அருகிலும் வைக்காதீர்கள். மேற்பரப்பு வழுவழுப்பாகிப் பந்தைப் பற்றாதுவிடின் மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம்.

விலையுயர்ந்த றப்பருக்கான பணத்தில் எளிய றப்பரும் சில மாதப் பயிற்சிக் கட்டணமும் அடங்கிவிடக்கூடும். பிள்ளைக்கு முதலில் வேண்டியது பந்து மேசையில் விழும் மகிழ்ச்சியே. வேகம் பின்னர் தானே வரும்.