யார் வீட்டு நிழல்? – 9: இலவச மரமா, வேண்டாம்!

சிவப்பு வரைபடங்களை மறந்திருக்க மாட்டீர்கள். 1930களில் அமெரிக்காவில் 'கடன் கொடுக்க ஆபத்தான இடம்' என்று சிவப்பு பூசப்பட்ட பேட்டைகளில் இன்று மர நிழல் சராசரியாக 23 சதவீதம். அன்று பச்சை வாங்கிய பேட்டைகளில் 43.

இந்த வாரம் ப்ரூக்ளின் என்று சொல்லியிருந்தேன். 'சிவப்புப் பேட்டைகளில் மரத்தை நட்டுவிட்டால் கணக்கு தீர்ந்ததே?' என்ற கேள்விக்குப் பதில் தேடப்போய், டெட்ராய்ட்டில் மாட்டிக்கொண்டேன்.

அங்கே 2011 முதல் 2014 வரை 'தி க்ரீனிங் ஆஃப் டெட்ராய்ட்' என்ற தொண்டு நிறுவனம் வீட்டு வாசல்களில் இலவசமாக மரம் நட்டுக்கொடுத்தது. தகுதியான சுமார் 7,500 வீடுகளில் ஏறக்குறைய கால்வாசி வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். பத்துப் பைசா செலவில்லை, குழி வெட்டும் வேலையும் இல்லை. அப்படியும் வேண்டாம்!

மரத்தின் அருமை இவர்களுக்குத் தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நட வந்தவர்கள் நினைத்தார்கள். மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த கிறிஸ்டின் கார்மைக்கேல், மறுத்தவர்களிடமே போய்க் கேட்டார். பேராசிரியர் மொரீன் மெக்டொனோவுடன் அவர் 2019இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தால், மறுத்தவர்களுக்கு மரத்தின் அருமை நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது: எல்ம் மரங்களின் கதை.

ஒரு காலத்தில் டெட்ராய்ட் தெருக்களுக்கு எல்ம்தான் பந்தல். 1950 வாக்கில், பட்டைக்குள் குடியிருக்கும் வண்டு சுமந்துவந்த பூஞ்சை நோய் அவற்றைச் சாய்க்க ஆரம்பித்தது. வண்டைக் கொல்ல டி.டி.டி. தெளித்தார்கள், ஹெலிகாப்டரிலிருந்தும்.

இங்கே ஒரு கிளைக்கதையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. இதே மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 1954இல் எல்ம்களுக்கு டி.டி.டி. அடித்தார்கள். அதற்கடுத்த வசந்தங்களில் ராபின் பறவைகள் புல்தரையில் துடித்து விழுந்தன. பறவையியலாளர் ஜார்ஜ் வாலஸ் காரணத்தைத் துருவினார். மருந்து படிந்த இலை உதிர்ந்தது. அதை மண்புழு தின்றது. மண்புழுவை ராபின் தின்றது. ரேச்சல் கார்சன் 1962இல் 'மௌன வசந்தம்' எழுதியபோது அவருக்குக் கிடைத்த வலுவான சாட்சிகளில் இதுவும் ஒன்று. எல்மைக் காப்பாற்றப்போய் ராபினைக் கொன்றதை வெளியே கொண்டுவந்த வளாகத்திலிருந்துதான், அரை நூற்றாண்டு கழித்து, கார்மைக்கேல் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பியிருக்கிறார்!

சரி, டெட்ராய்ட்டுக்கு வருவோம். 1967 ஜூலையில் அந்த நகரம் இனக் கலவரத்தில் பற்றி எரிந்தது. 43 பேர் மாண்டார்கள். அதையொட்டித் தங்கள் பேட்டையில் எல்ம்கள் மொத்தமாக வெட்டப்பட்டதை இரண்டு கறுப்பினப் பெண்கள் நினைவுகூர்ந்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து தங்களை நோட்டம் விடத்தான் வெட்டினார்கள் என்பது அவர்கள் கட்சி. நோய்தான் காரணம் என்பது நகராட்சியின் கட்சி. எந்தப் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். மருந்தடிக்கும்போதோ வெட்டும்போதோ அந்தத் தெருக்காரர்களை யாரும் கேட்கவில்லை.

திரும்ப நட வந்தபோதும் என்ன மரம் வேண்டும் என்று கேட்கவில்லை. கன்று மரமான பிறகு இலையைக் கூட்டுவது யார், காய்ந்த கிளையைக் கழிப்பது யார்? நகராட்சியோ 2013இல் திவால் மனு கொடுத்துவிட்டது. பட்டுப்போன தெருவோர மரங்களை வெட்டவே அதனிடம் காசில்லை. 'வேண்டாம்' என்றவர்கள் மரத்தை மறுக்கவில்லை. தங்களைக் கேட்காமல் தங்கள் தலையில் கட்டப்படும் பராமரிப்பை மறுத்தார்கள். ஆகவே 23ஐ 43 ஆக்குவதோடு கணக்கு தீராது. எந்தக் கன்று, எந்த வாசல், யார் பொறுப்பு என்பதில் அந்த வீட்டுக்காரருக்குப் பேச்சுரிமை உண்டா என்பதும் அந்தக் கணக்கிலேயே வரும்.

பக்கம் முடிந்துவிட்டது, ப்ரூக்ளின் அடுத்த வாரம். டெட்ராய்ட்காரர்களாவது கேட்காமல் தலையில் கட்டிய மரத்தைத்தான் வேண்டாம் என்றார்கள். பல்லாண்டுகளாக எண்ணெய் கசிந்த கால்வாய்க்கரையில் வாழும் ப்ரூக்ளினின் க்ரீன்பாயிண்ட்காரர்களோ, 'சுத்தம் செய்யுங்கள், ஆனால் ரொம்ப அழகாக்கிவிடாதீர்கள்' என்ற கட்சி. அழகு கூடினால் வாடகை கூடும் அல்லவா? வினிஃப்ரெட் கர்ரன், ட்ரினா ஹாமில்டன் என்ற இரு புவியியலாளர்கள் அதற்கு 'போதுமான அளவு பச்சை' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் 'போதும்' எங்கே நிற்கிறது, அதை யார் தீர்மானிப்பது என்று பார்ப்போம்.

(தொடரும்)