வெயிலுக்கு வட்டி எவ்வளவு?

கூரை 46,000 சதுர மீட்டர். நடுவில் 194.6 மீட்டர் உயரக் குழாய். கிடைத்த மின்சாரம், உச்சத்தில் 50 கிலோவாட். ஸ்பெயினில் மாட்ரிட்டுக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மன்சனாரெஸில் 1982 முதல் 1989 வரை நின்ற ஒரு சோதனை நிலையத்தின் கணக்கு இது. வடிவமைத்தவர் ஜெர்மானியக் கட்டமைப்புப் பொறியாளர் யோர்க் ஷ்லைக். பதினோரு ஏக்கருக்கு மேல் கூரை போட்டு 50 கிலோவாட்தானா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு அவர் வைத்திருந்த பதில் முழுவதும் எண்களால் ஆனது. அந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

ஷ்லைக் பிறந்தது 1934 அக்டோபர் 17, ஸ்டுட்கார்ட்டை அடுத்த ஸ்டெட்டன் என்ற ஊரில். இளமையில் தச்சு வேலை பழகினார். பிறகு ஸ்டுட்கார்ட், பெர்லின், அமெரிக்காவின் கிளீவ்லாந்து என்று படிப்பு. 1963-இல் பொறியாளர் ஃபிரிட்ஸ் லியோன்ஹார்ட்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 74,800 சதுர மீட்டர் கூடாரக் கூரையின் பொறியியல் பணி அவர் பொறுப்பில் நடந்தது. 75 சென்டிமீட்டர் கண்ணிகளாகப் பின்னிய எஃகுக் கேபிள் வலை. அதன் மேல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் பலகைகள். அப்போது அவருக்கு வயது 37. அந்தக் கூரையின் செலவு முதல் மதிப்பீட்டைப் போலப் பல மடங்கு ஏறியது. ஆனாலும் அரை நூற்றாண்டு கடந்தும் அது மியூனிக்கின் அடையாளமாக நிற்கிறது. 1974-இல் லியோன்ஹார்ட்டின் பேராசிரியர் இருக்கை ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வந்தது. 1980-இல் ருடால்ஃப் பெர்கர்மனுடன் சொந்த அலுவலகம் தொடங்கினார்.

புகழைத் தந்தது மியூனிக் என்றாலும், அவருடைய மனம் எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டுவது கொல்கத்தாதான்.

ஹூக்ளி ஆற்றின் மேல் உள்ள வித்யாசாகர் சேது அவர் வடிவமைத்த, கேபிள்கள் தாங்கும் பாலம். அதன் நடுத்தாவல் 457.2 மீட்டர், அதாவது சரியாக 1,500 அடி. இரு பக்கத் தாவல்களும் 600 அடி வீதம். பக்கத்திலேயே, 1943-இல் திறக்கப்பட்ட பழைய ஹௌரா பாலத்தின் நடுத்தாவலும் 1,500 அடிதான். ஒரே ஆறு, ஒரே தாவல், இரண்டிலும் ரிவெட் அடித்த எஃகு. ஹௌரா பாலம் விழுங்கிய எஃகு சுமார் 26,500 டன். வித்யாசாகர் சேதுவுக்கு ஆனது சுமார் 13,200 டன். அதுவும் 35 மீட்டர் அகலத்தில். புதிய பாலத்தின் சாலைத்தளம் காங்கிரீட்டும் எஃகும் சேர்ந்தது என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே தராசில் வைக்க முடியாது. இருந்தாலும் கேபிள்கள் ஏற்ற சுமையின் அளவு இதில் தெரிகிறது. எஃகு பாதியாகக் குறைந்திருக்கிறது.

இதில் ரிவெட்டைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். எழுபதுகளில் ஐரோப்பாவில் பாலங்களுக்கு ரிவெட் அடிப்பது கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. கூலி ஏறியதால் எல்லாம் வெல்டிங்குக்கு மாறிவிட்டன. ஜெர்மனியில் வரைந்த வரைபடத்தை அப்படியே கொல்கத்தாவில் இறக்கியிருந்தால் வெல்டிங்குக்கு உகந்த எஃகையும் கருவிகளையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கும். செலவில் பெரும்பங்கு அந்நியச் செலாவணியாக வெளியேறியிருக்கும். ஷ்லைக் இங்கே கிடைத்த எஃகைப் பார்த்தார், ரிவெட் அடிக்கத் தெரிந்த கைகளைப் பார்த்தார், பாலத்தை அவற்றுக்கு ஏற்ப வரைந்தார். 127.62 மீட்டர் உயரமுள்ள கோபுரங்கள்கூட ரிவெட் அடித்த 4 மீட்டருக்கு 4 மீட்டர் எஃகுப் பெட்டிகள்தாம். கட்டியது பி.பி.ஜே. என்ற கொல்கத்தா நிறுவனம்.

அடிக்கல் நாட்டியது 1972 மே 20. வேலை தொடங்கியது 1979 ஜூலை 3. திறப்பு 1992 அக்டோபர் 10. கல்லுக்கும் திறப்புக்கும் இடையே இருபது ஆண்டுகள். செலவு 388 கோடி ரூபாய் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. தாமதத்தை ரிவெட் மீது போடுபவர்கள், வேலை தொடங்குவதற்கு முன்பே ஏழு ஆண்டுகள் கழிந்துவிட்டதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி மன்சனாரெஸ். ஒளி புகும் கூரையைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் அளவு உயரத்தில் விரித்து, ஓரங்களைத் திறந்துவிட வேண்டும். வெயிலில் உள்ளே காற்று சூடாகி, நடுவில் உள்ள குழாயை நோக்கி ஓடி மேலேறும். குழாயின் அடியில் டர்பைன். அவ்வளவுதான் இயந்திரம். எரிபொருளும் வேண்டாம், குளிர்விக்கத் தண்ணீரும் வேண்டாம். பாலைவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எது?

குழாயின் விட்டம் சுமார் 10 மீட்டர். தகட்டின் தடிமன் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுதான். மடிப்புகளைச் சேர்க்காமல் பெருக்கிப் பார்த்தால் மொத்தத் தகடும் 60 டன் அளவே வருகிறது. அறுபது மாடி உயரத்துக்கு அறுபது டன்! நடுப்பகலில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில் என்று கொண்டால் அந்தக் கூரை மேல் விழுவது 46 மெகாவாட். கிடைப்பது 50 கிலோவாட், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஏன் இவ்வளவு குறைவு? குழாயின் உயரம்தான் காரணம். சூடான காற்றின் வெப்பத்தில் எத்தனை பங்கு ஓட்டமாக மாறும் என்பது ஏறக்குறைய உயரத்துக்கு நேர்விகிதம். 195 மீட்டரில், 1,000 பங்கு வெப்பத்துக்கு அதிகபட்சம் ஆறரைப் பங்கு. 1,000 மீட்டர் குழாயில் 33 பங்கு. மன்சனாரெஸ் மின்சாரம் விற்கக் கட்டியதே அல்ல. ஜெர்மன் ஆராய்ச்சி அமைச்சகத்தின் பணத்தில், சூத்திரம் சரியா என்று பார்க்கக் கட்டியது.

சூத்திரம் சரியாகவே இருந்தது. 1987-இல் நிலையம் 3,157 மணி நேரம் மின்சாரம் தந்தது. அதில் 244 மணி நேரம் இரவில். பகலில் சூடேறிய மண் இரவில் விட்டுக்கொடுத்த வெப்பம் அது. ஆண்டு உற்பத்திக்குக் கணினி மாதிரி சொன்னது 44.35 மெகாவாட்-மணி, அளந்தபோது கிடைத்தது 44.19. நம் வழக்கில் 44,190 யூனிட். மாதம் 100 யூனிட் செலவிடும் 36 வீடுகளுக்குப் போதும். மின்சாரம் சிறியது, ஆனால் கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையே அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை.

குழாயைத் தாங்கிய இழுகம்பிகளுக்குத் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு இல்லை. மூன்றாண்டுச் சோதனைதானே என்று மிச்சம் பிடித்த செலவு அது. சோதனை ஏழாண்டு நீண்டது. கம்பிகள் துருப்பிடித்து, 1989-இல் ஒரு புயலில் குழாய் சாய்ந்தது. திட்டமிட்டதைவிட இரு மடங்குக்கு மேல் உழைத்த ஒரு சோதனைக் கருவியின் முடிவு, பலருடைய நினைவில் தோல்வியாகப் பதிந்துவிட்டது. இது அநியாயம் என்பேன்.

அடுத்தது பெரிய கணக்கு. 2005-இல் ஷ்லைக்கும் அவருடைய சகாக்களும் நான்கு அளவுகளுக்கு மதிப்பீடு வெளியிட்டார்கள். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 2,300 யூனிட் வெயில் விழும் இடம், 6 சதவீத வட்டி என்ற அடிப்படையில்:

5 மெகாவாட்: கோபுரம் 550 மீட்டர், கூரை விட்டம் 1,250 மீட்டர், செலவு 4.2 கோடி யூரோ, ஆண்டு உற்பத்தி 1.4 கோடி யூனிட், யூனிட் விலை 21 சென்ட்.
30 மெகாவாட்: 750 மீட்டர், 2,900 மீட்டர், 14.5 கோடி யூரோ, 9.9 கோடி யூனிட், 11 சென்ட்.
100 மெகாவாட்: 1,000 மீட்டர், 4,300 மீட்டர், 37.8 கோடி யூரோ, 32 கோடி யூனிட், 9 சென்ட்.
200 மெகாவாட்: 1,000 மீட்டர், 7,000 மீட்டர், 60.6 கோடி யூரோ, 68 கோடி யூனிட், 7 சென்ட்.

முதல் வரியிலிருந்து கடைசி வரிக்குப் போகும்போது செலவு 14 மடங்கு ஏறுகிறது, உற்பத்தி 48 மடங்கு. சிறிதாகக் கட்டிப் பார்ப்போம் என்ற வழியே இதில் இல்லை. கட்டினால் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கட்ட வேண்டும். இந்தத் திட்டத்தின் பெரிய சிக்கல் இதுதான்.

60.6 கோடியைப் பிரித்தால்: கோபுரம் 17 கோடி, கூரை 26.1 கோடி, டர்பைன் பகுதி 13.3 கோடி, வடிவமைப்பும் பிறவும் 4.2 கோடி. கோபுரமும் கூரையும் சேர்ந்து 71 சதவீதம். அவை இரண்டும் காங்கிரீட், எஃகு, கண்ணாடி, ஆள்கூலி. ஓர் ஏழை நாடு தன் மண்ணிலேயே செய்துகொள்ளக்கூடியவை. ஹூக்ளியில் ரிவெட்டைத் தேர்ந்த அதே மனம்தான் இங்கும் கணக்குப் போட்டிருக்கிறது. வெயில் மிகுந்த நாடுகளில் பல ஏழை நாடுகள். அவற்றுக்கு மின்சாரத்தோடு வேலையும் வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் வாதாடினார். கூலியை மிச்சம் பிடிக்க வேண்டிய இழப்பாகப் பார்க்காத பொறியாளர்கள் குறைவு.

ஆனால் வட்டி? 60.6 கோடியை முப்பதாண்டுக் கடனாக வாங்கிச் சம தவணையாகக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். 6 சதவீதத்தில் ஆண்டுத் தவணை 4.4 கோடி, 68 கோடி யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 6.5 சென்ட். 12 சதவீதத்தில் தவணை 7.5 கோடி, யூனிட்டுக்கு 11 சென்ட். கோபுரமும் மாறவில்லை, வெயிலும் மாறவில்லை. முப்பதாண்டில் முதல் கடனுக்குக் கட்டும் வட்டி 71 கோடி. இரண்டாவதற்கு 165 கோடி. அந்த வட்டிப் பணத்தில் இதே போல இன்னும் இரண்டு நிலையங்கள் எழுப்பிவிடலாம்; மூன்றாவதற்கும் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கையில் இருக்கும். அனல்மின் நிலையம் நிலக்கரிக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டே ஓடும். வெயில் நிலையமோ முப்பதாண்டு எரிபொருளுக்கான பணத்தை முதல் நாளே கடனாக வாங்கிக் கட்டுகிறது. 12 சதவீதத்தில் கடன் வாங்கும் நாடுகள்தாம் பெரும்பாலும் வெயில் மிகுந்த நாடுகள்.

அதற்குள் சோலார் பலகைகள் வந்துவிட்டன. 2005-க்குப் பிறகு அவற்றின் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மன்சனாரெஸின் 50 கிலோவாட்டுக்கு இன்று 300 சதுர மீட்டர் பலகை போதும். அதோடு பலகையைப் பத்து, நூறு என்று சிறுகச் சிறுக வாங்கலாம். இந்தப் போட்டியில் பலகை வென்றது நியாயமான வெற்றிதான். அதை மறுக்க எனக்கு மனமில்லை. கூரைக்கடியில் தண்ணீர் நிரப்பிய கறுப்புக் குழாய்களைக் கிடத்தினால் இரவு முழுவதும் கோபுரம் ஓடும் என்று ஷ்லைக் சொன்னதையும், பலகைக்கு அந்த வேலையைச் செய்ய மின்கலம் தனியாக வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் கணக்கை முடிக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் கோபுரம் உலகில் எங்கும் எழவில்லை.

காங்கிரீட் படிப்பவர்களுக்கு அவர் வேறு விதத்தில் அறிமுகமானவர். 1987-இல் குர்ட் ஷேஃபர், மத்தியாஸ் யென்னவைன் இருவருடன் அமெரிக்க இதழ் ஒன்றில் 77 பக்கக் கட்டுரை எழுதினார். உத்திரம் தூணில் சேரும் முனை, துளை போட்ட சுவர் போன்ற சிக்கலான இடங்களில் விசை எப்படிப் பாய்கிறது என்பதை அமுக்கக் கோடுகளாகவும் இழுப்புக் கோடுகளாகவும் வரைந்து கம்பியின் அளவைக் கண்டுபிடிக்கும் முறை அது. 2002-இல் அமெரிக்கக் காங்கிரீட் விதிநூலில் ஏறியது. காகிதமும் பென்சிலும் போதும் என்பதால், மென்பொருள் வாங்க முடியாத அலுவலகங்களிலும் அது பயன்பட்டது.

ஷ்லைக் 2021 செப்டம்பர் 4 அன்று பெர்லினில் காலமானார். வயது 86.

இங்கே எஸ்டிமேட் போடும் இளம் பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மொத்தத் தொகைக்குக் கீழே இரண்டு வரிகள் கூடுதலாக எழுதுங்கள்: இதில் உள்ளூர் கைகளுக்குப் போவது எவ்வளவு, வட்டிக்குப் போவது எவ்வளவு. அனுமதி தருகிற மேசைக்கு அந்த இரண்டு எண்களும் சேர்ந்தே போகட்டும்.