வேகமான கைத்தொலைபேசி: எமக்கு எவ்வளவு வேகம் தேவை?

விதை வெங்காயத்திற்கென ஒதுக்கிய பணத்தில் 5ஜீ கைத்தொலைபேசி வாங்கலாமா என்ற கேள்வி எமது கிராமக் கூட்டங்களில் இப்போது எழுகின்றது. பிள்ளைகள் கேட்கின்றார்கள், கடைக்காரர் தவணைக்குத் தருவதாகச் சொல்கின்றார். இடம்பெயர்ந்து, கடனோடு மீண்டும் கமம் தொடங்கும் குடும்பத்திற்கு இது சிறிய கேள்வியன்று. லூக்கா நற்செய்தியில் கோபுரம் கட்ட விரும்புகின்றவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் உவமை வருகின்றது. நாமும் அவ்வாறே உட்கார்ந்து பார்ப்போம்.

விளம்பரங்கள் 'வேகம்' என்று சொல்வதற்குள் இரண்டு விடயங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, கருவியின் உள்ளே கணிப்பைச் செய்யும் சில்லின் வேகம். மற்றையது, கோபுரத்திலிருந்து தரவு வந்து சேரும் வேகம். முதலாவதை நாம் பணம் கொடுத்து வாங்கலாம். இரண்டாவது எமது கையில் இல்லை. சர்வதேச வரையறைகளின்படி 4ஜீயின் உச்ச வேகம் செக்கனுக்கு 1 ஜிகாபிற், 5ஜீயின் உச்ச வேகம் 20 ஜிகாபிற். இவை ஏட்டளவிலான உச்சங்கள். 5ஜீயின் மிகப் பெரிய வேகம் மிக உயர்ந்த அதிர்வெண் அலைகளிலிருந்தே கிடைக்கின்றது. அந்த அலைகள் அதிக தூரம் போகமாட்டா. சுவரும் மரச்செறிவும் அவற்றைத் தடுத்துவிடும். ஆகவே கோபுரங்கள் நெருக்கமாக நிற்கும் நகரங்களுக்கே அவை பொருந்துகின்றன. 5ஜீ அலை எட்டாத ஊரில் அந்த விலையுயர்ந்த கருவி வெறும் 4ஜீ கருவியாகவே வேலை செய்யும். குளத்தில் தண்ணீர் இல்லாதபோது வாய்க்காலை அகலமாக வெட்டி என்ன பயன்?

எனினும் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கருவியும் அலையும் இல்லாத பிள்ளைகள் பாடங்களை இழந்ததை நாம் மறக்கவில்லை. நல்ல கமராவும் வேகமான சில்லும் உள்ள கருவி, நோயுற்ற இலையைப் படம்பிடித்து ஆராயும். மரவள்ளி நோய்களை இனங்காண உருவாக்கப்பட்ட 'நூரு' என்ற செயலி இணையத் தொடர்பின்றியே இயங்குகின்றது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் படமெடுத்து வெளியூர் உறவினரிடமும் ஒரு பிரதி அனுப்பி வைப்பது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய அனுபவமுள்ள எமக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் இதற்கு 5ஜீ தேவையில்லை.

விற்பனை விலைக்கும் அப்படித்தான். கேரளத்தின் வடகரை மீனவர்களிடையே 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசி பரவியதை ரொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். மீனவர் கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் நல்ல விலை என்று கேட்டறிந்தனர். வாங்குவாரின்றி வீணான மீன் ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. மீனவரின் இலாபம் சராசரியாக 8 வீதம் உயர்ந்தது. வாங்குவோருக்கும் விலை 4 வீதம் குறைந்தது. இவ்வளவையும் செய்தது பேசமட்டும் உதவிய தொலைபேசி! விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனைச் சேவைக்கும் பொத்தான் தொலைபேசியே போதும்.

குறைகளுள் முதன்மையானது செலவு, அதுவும் வாங்கிய பின்னர் வரும் செலவு. உயர் தெளிவுள்ள படம் ஒரு மணித்தியாலம் ஓடினால் 3 ஜிகாபைற் வரை தரவு கரைந்துவிடும். வேகம் கூடக்கூட கருவி தானாகவே தெளிவான படத்தைத் தெரிவு செய்வதால் அட்டையில் போட்ட பணமும் விரைவில் முடியும். அமைப்புகளில் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் இதைத் தடுக்கலாம்.

அடுத்தது வெப்பம். பல உற்பத்தியாளர் 35 பாகை செல்சியசுக்குள்ளேயே பாவிக்கச் சொல்கின்றனர். தகரக் கூரையின் கீழ் மதிய வேளையில் அந்த அளவு எளிதில் தாண்டும். அப்போது சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மின்கலமும் விரைவில் முதுமையடையும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கொட்டிலுக்குள் காணாமற் போகும். கருவியைச் சூரியத் தகட்டின் அருகே வெயிலில் வைத்து மின்னேற்றுவோர் வயரை நீளமாக எடுத்து நிழலில் வைக்க வேண்டும்.

ஆகவே இன்றைய நிலையில், பெரிய மின்கலமுள்ள நடுத்தர 4ஜீ கருவி ஒன்றை வீட்டுக்குப் பொதுவாகவும், தோட்டத்திற்குப் பொத்தான் தொலைபேசி ஒன்றையும் வைத்திருப்பதே எமது பரிந்துரை. விதைப்பணத்தில் கைவைத்தோ நகையை அடகு வைத்தோ வாங்குவதை நாம் ஏற்கமாட்டோம். வாங்கத் தீர்மானித்தவர்கள், அயலவரின் 5ஜீ கருவியைத் தமது வளவில் வைத்து அலை வருகின்றதா என்று முதலில் பார்க்கட்டும். கடையில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று தோன்றும். அந்த எண் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்பதைப் பணம் கொடுக்கும் முன்னரே கடைக்காரரைக் கொண்டு பரிசோதிப்பியுங்கள். பற்றுச்சீட்டிலும் அதே எண்ணை எழுதுவித்து வாங்குங்கள்.