பார்க் தெருவில் ஒரு ராத்திரி

விருந்து, பாட்டு, பிறகு நடனம் என்று கொல்கத்தாவில் ஒரு மாலையைக் கழிக்கத் திட்டமிடுகிறவர்கள், மெனுவைத் தவிர வேறு சில சங்கதிகளையும் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது.

மேசை பதிவு செய்ய போன் செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது சாப்பாட்டைப் பற்றி அல்ல. மேடை எந்தப் பக்கம், ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்பதைத்தான். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் பக்கத்தில் இருக்கும் மனைவியிடம் உப்பைக் கேட்கக்கூடக் கத்த வேண்டியிருக்கும். சமையலறைக் கதவை ஒட்டிய மேசை கிடைத்தால் பாட்டோடு பாத்திரச் சத்தமும் சேர்ந்து வரும். மேடைக்குக் குறுக்குவாட்டில், நடுவில் இரண்டு மூன்று மேசைகள் தள்ளி ஓர் இடம் கிடைத்துவிட்டால் அந்த மாலை பாதி வெற்றி.

பார்க் தெருவுக்கு 2004ல் அன்னை தெரசாவின் பெயரைச் சூட்டினார்கள். டாக்சி டிரைவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கணம் யோசித்துவிட்டு, "பார்க் ஸ்ட்ரீட்டா?" என்று திருப்பிக் கேட்பார். சேவைக்குப் பெயர் பெற்ற துறவியின் பெயரைக் கேளிக்கைக்குப் பெயர் பெற்ற தெருவுக்கு வைத்த பொருத்தத்தை என்னவென்று சொல்வது!

இந்தியாவில் சாப்பிட்டுக்கொண்டே மேடைப் பாட்டு கேட்கும் பழக்கத்துக்கு ஒரு தலைநகரம் உண்டென்றால் அது இந்தத் தெருதான். ஃப்ளூரிஸ் பேக்கரியின் கதை 1927ல் தொடங்குகிறது. அதில் பங்குதாரராக இருந்த சுவிஸ்காரர் ட்ரிங்கா பிரிந்து வந்து, தெருவின் எதிர்ப்பக்கத்தில் தன் பெயரிலேயே ஒரு தேநீர்க் கடை வைத்தார். 1959ல் ஓம் பிரகாஷ் புரியும் எல்லிஸ் ஜோஷுவாவும் அதை வாங்கி, மேடை போட்டு, பாட்டோடு கூடிய உணவகமாக மாற்றினார்கள். அதற்கு முன்பே மொகாம்போ வந்துவிட்டது. ப்ளூ ஃபாக்ஸ், மூலன் ரூஜ், மேக்னோலியா என்று வரிசையாக விளக்குகள் எரிந்த காலம் அது. மொகாம்போவில் பாம் கிரெய்ன் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் ஜாஸ் பாடினார். ப்ளூ ஃபாக்ஸில் டார்ஜிலிங்கிலிருந்து வந்த லூயிஸ் பேங்க்ஸ் பியானோ வாசித்தார். அவர் வாசிப்பைக் கேட்டுத்தான் ஆர்.டி. பர்மன் அவரை பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார்.

காபரே பார்க்க விரும்பியவர்கள் சற்றுத் தள்ளி சவுரங்கிக்குப் போனார்கள். அங்கே ஃபிர்போஸ் உணவகத்தின் லிடோ அறை, கிராண்ட் ஓட்டலின் பிரின்ஸஸ். முதலில் மெல்லிய வாத்திய இசை. சூப்பும் மீனும் வந்து போகும். விளக்கு மங்கியதும் நடனம். வெள்ளைக்காரப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் மட்டுமே ஆடிக்கொண்டிருந்த அந்தத் தளத்தில் முதல் வங்காளிப் பெண்ணாக ஏறியவர் ஆரதி தாஸ். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்த குடும்பம். வீட்டு வேலை செய்துகொண்டிருந்த சிறுமி. பதின்வயதை எட்டும்போதே மேடையேறி 'மிஸ் ஷெஃபாலி' ஆனார். சத்யஜித் ராய் தன் 'பிரதித்வந்தி'யிலும் 'சீமாபத்தா'விலும் அவரை நடிக்க வைத்தார். அவர் ஆட்டத்தைப் பார்க்க மேசைக்கு அடித்துக்கொண்ட நகரம், கடைசிக் காலத்தில் அவரை அவ்வளவாக நினைத்துப் பார்க்கவில்லை. 2020 பிப்ரவரியில் அவர் காலமானபோதுதான் பத்திரிகைகளுக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

தமிழர்களுக்கு இந்தத் தெருவோடு ஓர் உறவு உண்டு. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா ஐயர் 1969ல் சென்னைக்கு வந்திருந்தபோது, அண்ணா சாலையில் சபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' இரவு விடுதியில் மேடையேறிப் பாடினார். உடம்பைச் சுற்றிப் புடவை, தலையில் பூ, நெற்றியில் பொட்டு. குரலோ ஆணின் குரலைப்போல அடர்த்தி. இரவு விடுதிப் பாடகி என்றால் ஜனங்களின் மனதில் இருந்த படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கிருந்து பம்பாய், பிறகு ட்ரிங்காஸ். அங்கேதான் தன் வருங்காலக் கணவர் ஜானி உதுப்பைச் சந்தித்தார். உஷா உதுப் என்று நாடு முழுவதும் அறிந்த பெயர் அப்படி வந்தது. புடவை கட்டிக்கொண்டு அவர் பாடியதால் குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கை கூடியது என்பார்கள். அதில் உண்மை இருக்கலாம். பாட்டு கேட்க வந்த மாமிகளுக்கும் அது ஒரு தைரியம்.

எழுபதுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நேரடி இசை உள்ள உணவகங்கள் மீது கேளிக்கை வரி ஏறியது. நக்சலைட் கலவரக் காலத்தில் இருட்டிய பிறகு வெளியே வர ஜனங்கள் அஞ்சினார்கள். மின்வெட்டு வேறு. வாத்தியக் குழுக்களின் முதுகெலும்பாக இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறின. ஸ்கை ரூம் 1993ல் மூடப்பட்டது. ப்ளூ ஃபாக்ஸ் இருந்த இடத்தில் பிற்பாடு மெக்டொனால்ட்ஸ் வந்தது. மொகாம்போ இன்றும் இருக்கிறது. சிவப்பு இருக்கைகளும் தொங்கும் விளக்குகளும் அப்படியே. 'டெவில்டு கிராப்' கேட்டால் கிடைக்கும். பாட்டு மட்டும் கிடையாது.

வரியைவிடப் பெரிய அடி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1983ல் இடது முன்னணி அரசின் பொதுப்பணித்துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷா உதுப் பாடுவது 'அபசம்ஸ்கிருதி', அதாவது கலாசாரச் சீரழிவு என்று சொல்லி அரசு அரங்குகளில் அவர் பாடக்கூடாது என்று தடுத்தார். பாடகி பணிந்து போகவில்லை. நீதிமன்றத்துக்குப் போனார், ஜெயித்தார். இரவு விடுதியில் பாடத் தொடங்கிய பெண்ணுக்கு 2011ல் பத்மஸ்ரீயும் 2024ல் பத்மபூஷணும் கொடுத்தது இதே நாடுதான். இடையில் போன காலம் அவருடையது.

இப்போது ட்ரிங்காஸ் மேடையில் மறுபடி கூட்டம் சேர்கிறது. கேளிக்கை வரி 2017ல் ஜி.எஸ்.டி.யோடு கலந்துவிட்டது. பழைய ஆங்கிலப் பாட்டுகளும் இந்திப் பாட்டுகளும் மாறி மாறி ஒலிக்க, தாத்தா, மகன், பேத்தி மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் தெரு முழுவதும் விளக்குத் தோரணம். 2011 முதல் கிறிஸ்துமஸ் விழாவும் நடக்கிறது. அந்த நாட்களில் முன்பதிவு இல்லாமல் போகிறவர்கள் நடைபாதையில் நின்று, உள்ளே சாப்பிடுகிறவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

திட்டம் எப்படி இருக்க வேண்டும்? எட்டு மணிக்கு முன்பே மேசைக்குப் போய்விடுவது நல்லது. இசை சூடு பிடிக்கும்போது ஆர்டர் எடுக்க வெயிட்டரைப் பிடிக்க முடியாது. சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு பத்தரை, பதினொன்றுக்கு நடனக் கூடத்துக்குப் போகலாம். டிஸ்க் ஜாக்கி இசைக்கும் இடத்தில் சாப்பாட்டை நம்பிப் போவது வீண். அங்கே தட்டில் வருவது பெரும்பாலும் பொரித்த சமாசாரங்கள். விலையோ விருந்துக்குரிய விலை.

நுழைவுக் கட்டணத்தில் இரண்டு ரகம். ஒன்று வெறும் கட்டணம், கொடுத்தால் போனது. இன்னொன்று 'கவர் சார்ஜ்'. அந்தத் தொகைக்குச் சாப்பிட்டோ குடித்தோ கழித்துக்கொள்ளலாம். எது என்பதை வாசலில் அல்ல, போனிலேயே கேட்டுவிட வேண்டும். பல இடங்களில் ஆண்கள் மட்டும் கூட்டமாக வந்தால் விடமாட்டார்கள். செருப்பு, அரை டிரவுசர் வாசலிலேயே நின்றுவிடும். மது அருந்துவதற்கான வயது மேற்கு வங்காளத்தில் 21, டெல்லியில் 25. சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ மாணவப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அடையாள அட்டையை மறக்கக்கூடாது. தேர்தல் சமயம் என்றால் வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மது கிடையாது. காந்தி ஜெயந்தியன்றும் கிடையாது. பிறந்தநாளுக்கு அக்டோபர் 2ஐத் தேர்ந்தெடுத்தவர்கள் எலுமிச்சை சோடாவோடு திருப்திப்பட வேண்டும்.

பில்லை நிதானமாகப் படிப்பது அவசியம். சாதாரண உணவகத்தில் சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18 சதவீதம். மதுவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, மாநில வரி தனி. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருக்கும். அதைக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையிலேயே பணத்தைக் கொடுப்பது மேல்.

இத்தனை ஏற்பாட்டிலும் பெரும்பாலோர் கோட்டை விடுவது ஒன்றில்: வீடு திரும்புவது. மெட்ரோவின் கடைசி ரயில் நள்ளிரவுக்கு முன்பே போய்விடும். மஞ்சள் அம்பாசடர் டாக்சிகள் குறைந்துவிட்டன. கொல்கத்தாவில் இது வெறும் வசதிப் பிரச்சினை அல்ல.

2012 பிப்ரவரியில் இதே தெருவில் ஒரு நட்சத்திர ஓட்டலின் இரவு விடுதியிலிருந்து வெளியே வந்த ஒரு பெண்ணை, வீட்டில் விடுவதாகச் சொல்லி காரில் ஏற்றிக்கொண்டவர்கள் ஓடும் காரிலேயே பலாத்காரம் செய்து வழியில் தள்ளிவிட்டுப் போனார்கள். புகார் கொடுக்கப் போனபோது காவல் நிலையத்தில் ஏளனம். முதல்வர் மம்தா பானர்ஜி அது அரசுக்கு எதிராக ஜோடிக்கப்பட்ட சம்பவம் என்றார். இரண்டு குழந்தைகளின் தாய் அந்த நேரத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஆளுங்கட்சியினர் கேட்டார்கள். புகார் உண்மை என்று வெளிக்கொணர்ந்தவர் குற்றப்பிரிவு இணை கமிஷனர் தமயந்தி சென். சில வாரங்களில் அவர் மாற்றப்பட்டார். அதுவரை பத்திரிகைகள் 'பார்க் தெருப் பெண்' என்றே எழுதி வந்தன. 2013ல் அவர் தானே முன்வந்து, தன் பெயர் சூசெட் ஜோர்டன், ஒளிந்துகொள்ள வேண்டியவள் நானல்ல என்ற நிலையை எடுத்தார். அடுத்த ஆண்டு ஓர் உணவகம் அவர் யார் என்று தெரிந்ததும் உள்ளே விட மறுத்ததாகப் புகார் சொன்னார். 2015 மார்ச்சில் நோயால் இறந்தார். அந்த டிசம்பரில்தான் மூன்று பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

ஆகவே, திரும்புவதற்கான வண்டியைக் கிளம்பும்போதே பேசி வைப்பதுதான் சரி. வாடகைக் காரை நிறுத்தி வைத்துக்கொண்டால் செலவு கூடும்தான். நான்கு பேராகப் போனால் பகிர்ந்துகொள்ளலாம். செயலியில் கார் கூப்பிட்டால் வண்டி எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு ஏறவேண்டும். குடித்தவர் காரோட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். பெண்கள் ஏன் இரவில் போகிறார்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டு, விடுதி மூடும் நேரத்தில் வாசலில் போலீஸ்காரர் நிற்கிறாரா, வண்டி கிடைக்கிறதா என்று நகரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உட்கார்ந்ததும் பார்க்க வேண்டிய இன்னொன்று, வெளியேறும் வழி. 2010 மார்ச் 23ல் இந்தத் தெருவின் ஸ்டீஃபன் கோர்ட் கட்டடம் எரிந்ததில் 43 பேர் இறந்தார்கள். 2017 டிசம்பரில் மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் பற்றிய தீ 14 பேரைப் பலிகொண்டது. 2025 டிசம்பர் 6ம் தேதி நள்ளிரவு வாக்கில் கோவாவின் ஆர்ப்போராவில், நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த இரவு விடுதியில் தீப்பிடித்து 25 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆட வந்தவர்கள் அல்ல, அங்கே வேலை பார்த்தவர்கள். கீழ்த்தளத்தில் சமையலறைப் பக்கம் சிக்கிக்கொண்டவர்கள் மேலே வர முடியவில்லை. குறுகலான பாதையில் தீயணைப்பு வண்டியும் நெருங்க முடியவில்லை. தீயணைப்புத் துறையின் சான்றிதழ் இருக்கிறதா என்று வாடிக்கையாளர் கேட்டால் வாசலில் நிற்பவர் விநோதமாகப் பார்ப்பார்தான். இரண்டாவது கதவு எங்கே, அதன் முன்னால் பீர்ப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேடையில் வாண வேடிக்கை தொடங்கினால், மேலே கூரை மூங்கிலா ஓலையா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

விடிய விடிய ஆடியவர்களுக்குப் பசி எடுக்கும். காலையில் ஃப்ளூரிஸ் கதவு திறந்ததும் முட்டை, பீன்ஸ், டோஸ்ட் என்று ஆங்கிலேயர் பாணிக் காலைச் சாப்பாடு கிடைக்கும். அந்தக் கடை இருப்பது ஸ்டீஃபன் கோர்ட்டின் தரைத்தளத்தில். ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேயும் மேசைக்குக் காத்திருக்க வேண்டும்.