நீர் சுடாதது யார் குற்றம்?

திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீராடுவோர், ஒன்றன் சூட்டுக்கும் மற்றொன்றன் சூட்டுக்குமுள்ள வேற்றுமையை உடலால் உணர்வர். ஆனால், எத்தனை பாகை என்பதை உடல் கூறாது. பாத்திரங் கழுவும் பொறியில் அதனைக் கூறுவது வெப்ப உணரி என்னும் சிறு உறுப்பாகும்.

நிலாவெளிக் கடற்கரை விடுதிகளைப் போலப் பலர் உண்ணுமிடங்களில் இது சிறு செய்தியன்று. வெந்நீராற் கிருமி நீக்கும் பெரும் பொறிகளில், இறுதியாக அலசும் நீர் ஏறத்தாழ 82 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும். சூடு குறைந்தால் தட்டு பளபளக்கும், கிருமியோ எஞ்சியிருக்கும்.

நீர் சுடாவிடில், சூடேற்றி பழுதென்று பலர் உடனே முடிவு செய்வர். பெரும்பாலான உணரிகளில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். உணரியின் தடை பழுதினால் மிகக் குறைந்துவிட்டால், நீர் கொதிப்பதாகப் பொறி மயங்கும். நல்ல சூடேற்றியும் வாளாவிருக்கும்.

முதலில் மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்தல் வேண்டும். பின்னர், தடையை அளக்கும் மானியாற் சோதிக்கலாம். 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் சூடேற்றி ஏறத்தாழ 26 ஓம் காட்டும். தடை எல்லையற்றதாயின் அதன் கம்பி அறுந்துள்ளது. சூடேற்றியின் முனைக்கும் உலோக உறைக்குமிடையே மின்தொடர்பு காணப்படின், அதனைப் பயன்படுத்துவது உயிருக்கே ஆபத்து.

அடுத்து, உணரியைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி அளக்க வேண்டும். தடை படிப்படியாகக் குறைந்தால் உணரி நன்று. அசையாது நின்றால் பழுது. கடற்காற்றின் உப்பால் இணைப்பு முனைகள் அரிக்கப்பட்டிருப்பின், நல்ல உணரியும் பிழைபடக் கூறும். ஆதலின், புதிய உறுப்பை வாங்குமுன் முனைகளைத் துலக்கி, மீண்டும் அளந்து பார்ப்பதே அறிவுடைமை.