கையொப்பம் வாங்கிவிட்டால் பொறுப்புத் தீருமா?

சகோதரிகளே, கண்டாவளைப் பக்கம் விளையாட்டு விழா என்றால் பணிஸ் சாப்பிடுதல், சோடா குடித்தல் எல்லாம் இருக்கும். நாமும் கைதட்டி ரசிப்போம். ஆனால், இந்தச் சம்பவத்தையும் அறிந்துகொள்ளுங்கள்.

2007 ஜனவரி 12. அமெரிக்காவின் சக்ரமென்டோ நகர வானொலி நிலையமொன்றில் போட்டி. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், சிறுநீர் கழிக்கக்கூடாது. பரிசு, 'வீ' என்னும் வீடியோ விளையாட்டுக் கருவி. மூன்று பிள்ளைகளின் தாய், வயது 28, பிள்ளைகளுக்காக அதை வெல்ல வந்தார். சுமார் மூன்று மணி நேரம் தாக்குப்பிடித்து இரண்டாமிடம் பெற்றார். கடுந்தலைவலியோடு வீடு திரும்பியவர் அன்றே இறந்துபோனார்.

தண்ணீருமா கொல்லும்? சிறுநீரகம் வெளியேற்றுவதைவிட வேகமாகத் தண்ணீர் சேர்ந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், மூளை வீங்கும். தலைவலியும் வாந்தியும் அதன் அறிகுறிகள்.

நிகழ்ச்சி நடக்கையிலேயே ஒரு பெண் தொலைபேசியில் எச்சரித்தார், இது உயிராபத்து என்று. அது தங்களுக்குத் தெரியும், போட்டியாளர்கள் கையொப்பமிட்டுவிட்டார்கள் என்றார்கள் அறிவிப்பாளர்கள். சிரிப்பும் ஓயவில்லை. எனக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

பத்துப் பேர் வேலையிழந்தனர்; குற்ற வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனால் 2009இல் ஜூரிகள், அந்தப் பெண்மீது தவறில்லை என்று கண்டு, நிலையத்தை நடத்திய நிறுவனம் 1 கோடியே 65 இலட்சம் டொலருக்கு மேல் நட்டஈடு செலுத்த வேண்டுமென்றனர். கையொப்பம் அவர்களைக் காக்கவில்லை.

நம் மார்க்கத்தில் உடல் அல்லாஹ்வின் அமானிதம். உரியவரே சம்மதித்தாலும் அதைக் கெடுக்க எவருக்கும் உரிமையில்லை. நபி (ஸல்) அவர்களோ மூன்று மூச்சில் நிறுத்தி நிறுத்தித்தான் அருந்துவார்கள்.

அடுத்த விழாவுக்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள்: ஒரு பிள்ளை "தலை வலிக்குது" என்றால், போட்டியை அங்கேயே நிறுத்தப்போவது யார்?